வறுமையும் உங்கள் கவுன்சிலும்: கேள்வி பதில்

கவுன்சில் என்பது உள்ளாட்சி மன்றம். பதில்கள் இங்கிலாந்துக்கானவை. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வேறுபடும் இடம் வந்தால் சொல்கிறேன். வேறு ஆண்டு சொல்லாத தொகைகள் 2025–26 நிதியாண்டுக்குரியவை.

கேள்வி: வறுமையைக் குறைக்கத் திட்டம் போட்டே ஆகணும்னு கவுன்சிலுக்குச் சட்டம் இருக்கா? எங்க கவுன்சிலரைக் கேட்டா "நிதி இல்லை"ங்கிறார்.

பதில்: முன்பு இருந்தது. 2010ஆம் ஆண்டின் குழந்தை வறுமைச் சட்டப்படி, கவுன்சில் தன் பகுதியின் காவல்துறை, சுகாதாரத் துறை போன்றவற்றுடன் சேர்ந்து தேவைகளைக் கணக்கெடுத்து, கூட்டாக ஒரு திட்டம் எழுத வேண்டியிருந்தது. 2016இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 2017இன் சட்டப்படி கவுன்சிலும் சுகாதார வாரியமும் குழந்தை வறுமை பற்றி ஆண்டுதோறும் கூட்டறிக்கை வெளியிட வேண்டும். வேல்ஸில் 2021 மார்ச் 31 முதல், பெரிய முடிவு எதையும் எடுக்கும்முன் அது ஏழைகளை எப்படிப் பாதிக்கும் என்று பொது அமைப்புகள் பார்த்தாக வேண்டும்.

சட்டம் இல்லாவிட்டாலும் பணம் இருக்கிறது. 2026 ஏப்ரல் முதல் நெருக்கடி மற்றும் மீள்திறன் நிதி என்ற பெயரில் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 84 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பழைய குடும்ப ஆதரவு நிதியும் வாடகைக்கான விருப்புரிமை உதவியும் இதற்குள் வந்துவிட்டன. கவுன்சிலரிடம் "திட்டம் எங்கே?" என்று கேட்காதீர்கள். "இந்த நிதியில் எவ்வளவு நேரடியாகக் காசாகப் போகிறது, எவ்வளவு எந்த அமைப்பின் வழியாகப் போகிறது, யார் விண்ணப்பிக்கலாம்?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கலாம்.

கேள்வி: எங்கள் பகுதி "பின்தங்கிய பகுதி" பட்டியலில் மேலே வரவில்லை. அதனால் இங்கே ஏழைகள் இல்லை என்று அர்த்தமா?

பதில்: இல்லை. அந்தப் பட்டியலைத் தரும் பன்முக வறுமைக் குறியீடு சுமார் 1,500 பேர் வாழும் சிறு பகுதிகளாக நாட்டைப் பிரித்து வரிசைப்படுத்துகிறது. 2025 பதிப்பில் இங்கிலாந்தில் 33,755 பகுதிகள். வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீடு மற்றும் சேவைகள், சுற்றுச்சூழல் என்று ஏழு அளவைகள். வருமானத்துக்கும் வேலைக்கும்தான் அதிக எடை. வசதியானவர்களும் கடையின் மேல்மாடியில் ஒரே அறையில் வாழும் குடும்பங்களும் ஒரே பகுதியில் இருந்தால் சராசரி அவர்களை விழுங்கிவிடும். அதனால் வரைபடத்தை மட்டும் பார்த்து நிதி பிரிக்கும் கவுன்சில் நிறையப் பேரைத் தவறவிடும். கவுன்சில் டாக்ஸ் எனும் வீட்டு வரியில் வரிச்சலுகை பெறுவோர், வாடகை பாக்கி வைத்திருப்போர், இலவசப் பள்ளி உணவு பெறுவோர் ஆகிய பட்டியல்களோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கவுன்சில் ஒரு பக்கம் வறுமை ஒழிப்புக் கூட்டம் போடுகிறது, இன்னொரு பக்கம் கவுன்சில் டாக்ஸுக்கு பெய்லிஃப் (வீடு தேடி வரும் கடன் வசூலிப்பவர்) அனுப்புகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். பல குடும்பங்களைக் கடன் நெருக்கடிக்குள் முதலில் தள்ளிவிடுவதே கவுன்சில்தான்.

ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும். 7 நாளில் கட்ட வேண்டும். கட்டாமல் இன்னும் 7 நாள் போனால் தவணை உரிமை போய், ஆண்டின் மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்ற அழைப்பாணை, பொறுப்பு ஆணை (பாக்கியை வசூலிக்க நீதிமன்றம் தரும் அனுமதி), பெய்லிஃப். ஒவ்வொரு படியிலும் செலவு கடனோடு ஏறும். மாதம் நூறு பவுண்டு கட்டத் திணறியவரிடம் சில வாரத்தில் ஆயிரம் கேட்டால் எங்கிருந்து வரும்? 2013 ஏப்ரலுக்குப் பிறகு, வேலை வயதினருக்கான வரிச்சலுகையை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுக்கிறது. ஓய்வூதிய வயதினருக்கு மட்டும்தான் நாடு முழுக்க ஒரே விதி. ஆகவே சலுகை விதியும் வசூல் விதியும் உங்கள் கவுன்சில் கையில்தான் இருக்கின்றன.

நன்றாக நடக்கும் இடங்களில், அழைப்பாணை அச்சாகும்முன் பெயர்ப்பட்டியலை வரிச்சலுகைப் பட்டியலோடும் வீட்டுச் சங்கத்தின் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் அமைப்பு) வாடகை பாக்கியோடும் ஒப்பிடுவார்கள். இரண்டிலும் வரும் பெயர்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல் கடன் ஆலோசகருக்குப் போகும். ஆலோசகர் முதலில் விட்டுப்போன சலுகையைப் பார்ப்பார்: வீட்டில் ஒரே பெரியவர் என்றால் 25% தள்ளுபடி, முழுநேர மாணவர் பெரியவர்களின் எண்ணிக்கையில் சேரமாட்டார். அதற்கும் மேல், 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ(1)(சி) பிரிவில் கவுன்சில் எந்த பில்லையும் தன் விருப்புரிமையில் குறைக்கலாம், முழுவதும் தள்ளுபடியும் செய்யலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை. அதோடு 60 நாள் கடன் அவகாசம் இருக்கிறது. வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். அங்கீகரிக்கப்பட்ட ஆலோசகர்தான் இதைத் தொடங்க முடியும். அந்த 60 நாளிலும் வாடகையும் மின்கட்டணமும் வழக்கம்போல் கட்ட வேண்டும்.

எங்கே பிசகும்? சலுகைப் பிரிவும் வசூல் பிரிவும் வெவ்வேறு மென்பொருளில் இருக்கும். அவகாச அறிவிப்பு பொது மின்னஞ்சலில் கிடக்க, பெய்லிஃப் வாசலில் நிற்பார். அறிவிப்பு வந்த அன்றே வசூலை நிறுத்தப் பொறுப்பான ஒருவரின் பெயர் கவுன்சிலும் ஆலோசகர்களும் போடும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: பள்ளி உணவுக்குத் தகுதியான பிள்ளைகளை கவுன்சிலே தேடிச் சேர்க்கிறதாமே? அது எப்படி?

பதில்: கவுன்சில் தன்னிடம் உள்ள வாடகை உதவி, வரிச்சலுகைத் தரவை மாணவர் பட்டியலோடு பொருத்தும். தகுதியுள்ள பெற்றோருக்குக் கடிதம் போகும்: "வேண்டாம் என்றால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்." சொல்லாதவர்களின் பெயர் பள்ளிக்குப் போகும். தொடங்கும்முன் தரவுப் பாதுகாப்பு மதிப்பீடு எழுதி, சட்ட அடிப்படையை உறுதி செய்ய வேண்டும். பலமுறை திட்டம் இங்கேதான் மாதக்கணக்கில் நிற்கும். பள்ளிக்கும் லாபம் உண்டு: 2025–26இல் அப்படிச் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடக்கப்பள்ளிக்கு 1,515 பவுண்டு, உயர்நிலைப் பள்ளிக்கு 1,075 பவுண்டு கூடுதல் நிதி கிடைத்தது.

நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளையின் கடைசிப் பெயர் அப்பாவின் பெயராக இருக்கும், அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவுடையதாக இருக்கும், அம்மாவுடையது வேறு. பெயரை வைத்துப் பொருத்தினால் இவர்கள் விடுபடுவார்கள். முகவரி, பிறந்த தேதி, பெற்றோரின் தேசியக் காப்பீட்டு எண் ஆகியவற்றை வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கட கோயில்ல கிழமைக்கு ஒருக்கா அன்னதானம் குடுக்கிறம். கவுன்சிலோட சேர்ந்து இன்னும் என்ன செய்யலாம் அண்ணா?

பதில்: தம்பி, சனம் ஏற்கெனவே உங்களிட்ட வருது. அதுதான் கவுன்சிலிட்ட இல்லாத பெரிய பலம். தவறாமல் உணவு வழங்கினால் தொடங்க 28 நாளுக்கு முன் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், இலவசம்தான். இதுவரை செய்யாவிட்டால் உடனே செய்யுங்கள். சிறு நிதி கேட்கும்போது எழுத்திலான யாப்பு (அமைப்பின் விதிமுறை), இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு, கடந்த ஆண்டுக் கணக்கு, பிள்ளைகளையும் பலவீனமானவர்களையும் காக்கும் பாதுகாப்புக் கொள்கை, பொதுப் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மணித்தியாலம் ஒரு பெனிஃபிட் (அரசு உதவித்தொகை) ஆலோசகரை இருத்தக் கேளுங்கள். கதவு மூடக்கூடிய அறை கட்டாயம். மண்டபத்துக்கு நடுவில் மேசை போட்டால் மானத்துக்குப் பயந்து ஒருவரும் இருக்க மாட்டார்கள். நம்பர் எழுதிய துண்டைக் கொடுத்து அனுப்புவதும் பரிந்துரைப்பதும் ஒன்றல்ல. அவர் சம்மதத்துடன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீங்களே அனுப்ப, மறுபக்கம் இரண்டு வேலைநாளுக்குள் அவரை அழைக்க வேண்டும். இதைக் கவுன்சிலோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: தொண்டர்கள் விசா ஆலோசனை சொல்லக்கூடாது. பதிவில்லாமல் சொல்வது 1999 சட்டப்படி குற்றம்.

கேள்வி: "பொது நிதி இல்லை" என்று விசாவில் இருப்பவர்களை கவுன்சில் தொடவே தொடாதா?

பதில்: அந்த நிபந்தனை இருந்தால் பெரும்பாலான அரசு உதவித்தொகைகளை வாங்க முடியாது. ஆனால் பிள்ளை இருந்தால் கவுன்சில் தொட வேண்டும். 1989 குழந்தைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தேவையுள்ள பிள்ளைக்குக் கவுன்சில் தரும் உதவி, பொது நிதிப் பட்டியலில் இல்லை. வரிச்சலுகை பட்டியலில் இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்க வேண்டாம். நிபந்தனையை நீக்கக் கேட்பதற்குப் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு வயது போயிட்டுது, சிறிய பென்ஷன்தான். கவுன்சில் ஏதும் செய்யுமா?

பதில்: பென்ஷன் கிரெடிட் என்பது குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கான அரசு உதவித்தொகை. 2025–26இல் அது தனியாளுக்கு வாரம் 227.10 பவுண்டு, தம்பதிக்கு 346.60 வரை வருமானத்தை நிரப்பியது. மூன்று மாதம் பின்தேதியிட்டும் கேட்கலாம். இருவரும் ஓய்வூதிய வயதை எட்டியிருக்க வேண்டும். உங்கள் பொறுப்பில் ஸ்பான்சர் விசாவில் வந்திருந்தால் முதல் ஐந்து ஆண்டு பொதுவாகக் கிடைக்காது. வரிச்சலுகை வாங்கியும் இதை வாங்காத முதியவர்களைத் தேட கவுன்சிலிடம் பட்டியல் இருக்கிறது. ஆங்கிலக் கடிதத்தோடு நிறுத்தாமல், தமிழில் பேசக்கூடியவர் அழைக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: கூட்டு முயற்சி வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பதில்: எத்தனை கூட்டம், எத்தனை துண்டுப்பிரசுரம் என்பதை ஒதுக்குங்கள். காலாண்டுக்கு நான்கு எண் போதும்: குடும்பங்களுக்குப் புதிதாகக் கிடைத்த ஆண்டு வருமானம் எத்தனை பவுண்டு, வரிச்சலுகை பெறுபவர்களில் எத்தனை பேருக்கு அழைப்பாணை போனது, பரிந்துரைக்கப்பட்டவர்களில் எத்தனை பேரை உண்மையில் அழைத்தார்கள், எத்தனை குடும்பம் தற்காலிக வீட்டுக்குப் போனது. இரண்டாவது எண் குறையவில்லை என்றால் வசூல் பிரிவின் தலைவரை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள்.