ஐப்பசி மழையில் செடி மாற்றும்போது குழிக்குப் பசளை போடலாமா?

கேள்வி: தெஹிவளையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிற்கும் செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை மூன்றையும் ஐப்பசி மழையோடு முன்பக்கம் மாற்றி நடப் போகிறேன். குழிக்குள் யூரியா போட்டால் கெதியாய்ப் பிடிக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணர். லண்டனில் இருக்கும் அக்காவோ, இலையுதிர்காலத்தில் மாற்றும் செடிக்கு யூரியா கூடவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அக்கா சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அங்கே காரணம் வேறு. யூரியாவில் இருப்பது நைதரசன்; அதைக் குளிருக்கு முன் கொடுத்தால் இளந்துளிர் கிளம்பி உறைபனியில் கருகிவிடும். மண்ணில் சூடு இருக்கும்போதே வேர் ஊன்றட்டும் என்றுதான் அங்கே இலையுதிர்காலத்தில் மாற்றி நடுகிறார்கள்.

கொழும்பில் உறைபனி இல்லை. இங்கே கவலை வேரைப் பற்றியது. செடியைக் கிளப்பும்போது தண்ணீர் உறிஞ்சும் நுனிவேர்களில் பெரும்பகுதி அறுந்துவிடும். அந்த வெட்டுக்காயத்தில் யூரியா பட்டால் வேர் கருகும். கருகாமல் தப்பினாலும் செடி இலை விடத்தான் பார்க்கும்; அந்த இலைக்குத் தண்ணீர் அனுப்ப வேர் ஏது? மிச்ச யூரியாவை ஒக்டோபர், நவம்பர் மழை கரைத்துக்கொண்டு போய்விடும். காசும் வீண், நிலத்தடி நீருக்கும் கேடு.

குழிக்கு நன்றாக உக்கிய கூட்டெரு போதும். தோண்டிய மண்ணில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கலவுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கபுக்கல் என்ற செந்நிறக் கல் கலந்த இறுகிய செம்மண் என்றால், எரு கூடிய குழி தொட்டி மாதிரித் தண்ணீரைத் தேக்கி வேரை அழுக வைக்கும். கடற்கரைப் பக்கத்து மணல் என்றால் கொஞ்சம் தும்புச்சோறும் (தேங்காய் மட்டைத் தூள்) சேர்க்கலாம். பச்சை மாட்டெரு வேண்டவே வேண்டாம். எப்பாவலப் பாறைப் பொஸ்பேட் (பாறையை அரைத்து எடுக்கும் பொஸ்பரஸ் பசளை) கிடைத்தால் ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள். பொஸ்பரஸ் மண்ணில் அதிகம் நகராது, அதனால் வேர் போகும் இடத்திலேயே இருக்க வேண்டும். நம் பக்கத்துப் புளிப்பு மண்ணில் அது மெதுவாகக் கரையும், பல வருடம் நிற்கும் செடிக்கு அதுவே நல்லது.

கிளப்புவதற்கு முன் கொப்புகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். மல்லிகையை இன்னும் ஒட்டவே வெட்டலாம். வேர்மண் உதிராமல் சாக்கில் கட்டி, பின்னேரத்தில் நடுங்கள்.

அப்புறம் பொறுமைதான். புதுத்துளிர் வந்து, இலை முற்றிய பிறகே கலப்புப் பசளை ஒரு மேசைக்கரண்டி, அதுவும் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, ஈரமண்ணில். தை, மாசியில் மழை குறையும்போது பசளையை நிறுத்திவிட்டு, அடியில் சருகு பரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள்.