கிராம நூலகத்தின் கதவை எப்போது திறக்கலாம்? கேள்வி பதில்

கொவிட் தொற்றினால் இலங்கையில் 2021 ஓகஸ்ட் 20 இரவு தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு, ஒக்டோபர் 1 அதிகாலை 4 மணிக்கு நீங்கியது. 200க்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் அம்மாதம் 21ஆம் திகதி திறந்தன. தேசிய வாசிப்பு மாதமும் இதே ஒக்டோபர்தான். பிரதேச சபைகளின் சிறு நூலகங்களிலிருந்தும் சனசமூக நிலைய வாசிகசாலைகளிலிருந்தும் அந்த நாட்களில் வந்த கேள்விகளுக்கு நான் எழுதிய பதில்கள் இவை. மாகாண எல்லையைக் கடக்கும் தடை அப்போது நீங்கியிருக்கவில்லை. இல்லாவிட்டால் உங்களில் சிலரின் நூலகத்துக்கு நேரிலேயே வந்து பார்த்திருப்பேன். பொது நூலகங்களிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்த எனக்கு, பூட்டிய நூலகத்தை நினைத்தாலே மனம் பொறுப்பதில்லை.

வவுனியா, பிரதேச சபை நூலகர்: திங்கட்கிழமையே திறக்கும்படி தவிசாளர் சொல்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இன்னும் பொறுக்கலாம் என்கிறார். நான் எதைப் பார்த்து முடிவெடுப்பது, ஐயா?

நூலகம் சபையின் சொத்து. ஆனால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் இணக்கம் இல்லாமல் திறக்க வேண்டாம். அந்த இணக்கத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை யாருக்காவது தொற்று ஏற்பட்டால், வாய்ச்சொல் உங்களைக் காப்பாற்றாது.

தொலைக்காட்சியில் வரும் நாடு முழுவதற்குமான எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். கொழும்பில் நோய் குறைந்திருக்கும்போது உங்கள் பிரிவில் ஏறிக்கொண்டிருக்கலாம். பரிசோதகரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். கடந்த 14 நாளில் எங்கள் பிரிவில் எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது, அதில் எத்தனை பேருக்குத் தொற்று? கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு நோய் யாரிடமிருந்து வந்தது என்று தெரிகிறதா? ஆதார வைத்தியசாலையில் ஒட்சிசன் கட்டில் காலியாக இருக்கிறதா? 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவைச் சொன்னது. பரிசோதிக்கப்பட்டவர்களில் தொற்றுள்ளோர் இரண்டு வாரமாகத் தொடர்ந்து 5 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே அது. பரிசோதனையே நடக்காத ஊரில் 'தொற்று பூச்சியம்' என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. இரண்டு வாரம் என்பதற்கும் காரணம் உண்டு. வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் 5 நாள் அளவில் ஆகும், சிலருக்கு 14 நாள் வரை போகும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, இந்தக் கேள்வியின் உள்ளே இருக்கும் ஓர் எண்ணத்தை மாற்ற விரும்புகிறேன். நூலகம் என்றால் ஒன்று முழுதாகத் திறப்பது, அல்லது முழுதாகப் பூட்டுவது என்று தவிசாளரும் நினைக்கிறார், பரிசோதகரும் நினைக்கிறார். உங்கள் கட்டடத்துக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. இரவல் கொடுப்பது சில நிமிட வேலை. இறாக்கையில் நூல் தேடுவதற்குச் சிறிது நேரம் போதும். உசாத்துணைப் பகுதியில் மணிக்கணக்காக அமர்வார்கள். பத்திரிகை மேசையிலும் சிறுவர் பகுதியிலும் பலர் நெருங்கியிருப்பார்கள். இவை நான்கையும் ஒரே நாளில் திறக்க வேண்டியதில்லை. யன்னல் வழியாக இரவல் கொடுப்பதை ஊரடங்கு நீங்கிய மறுநாளே தொடங்கலாம், அதற்கு 5 வீதத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்றாக, இடையில் இரண்டு வாரம் விட்டுச் செல்லுங்கள். தவிசாளரிடமும் பரிசோதகரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். இருவர் சொல்வதும் சரியாகவே வரும்.

செப்டெம்பரில் ஊரடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே மதுபானக் கடைகள் திறந்தன. இணையவழி வகுப்புக்காகச் சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்த நாட்டில், ஒரு நூலக யன்னலைத் திறக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: திரும்பி வரும் புத்தகத்தில் கிருமி இருக்காதா? எங்கள் நூலகத்தில் 14 நாள் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று பேசுகிறார்கள்.

நோய் பரவிய தொடக்க மாதங்களில் எல்லோருக்கும் இந்தப் பயம் இருந்தது. அப்போது அது நியாயமும்கூட. அமெரிக்காவில் ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பும் பட்டெல் ஆய்வுகூடமும் சேர்ந்து 2020இல் 'ரெல்ம்' என்ற பெயரில் நூலகப் பொருட்களைப் பரிசோதித்தன. ஜூனில் வந்த முதல் முடிவின்படி, தனித்தனியாக வைத்த நூல்களில் மூன்றாம் நாள் உயிருள்ள வைரஸைக் காண முடியவில்லை. செப்டெம்பரில் நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பரிசோதித்தபோது ஆறு நாள் கடந்த பின்பும் கண்டார்கள். பல நூலகங்கள் ஒதுக்கும் நாட்களைக் கூட்டின.

ஆனால் அது ஆய்வுகூடத்தில் வேண்டுமென்றே பூசிய வைரஸ். ஒரு பொருளில் வைரஸ் எஞ்சியிருப்பது வேறு, அதைத் தொட்டதால் ஒருவர் நோயாளியாவது வேறு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் தந்த மதிப்பீட்டின்படி, தொற்றுள்ள பரப்பு ஒன்றைத் தொடும் ஒவ்வொரு தடவையும் நோய் வரும் வாய்ப்பு 10,000இல் 1க்கும் குறைவு. நோய் காற்றில் வருகிறது. எனவே 14 நாள் ஒதுக்குவது வீண். 3,000 நூல் மட்டுமே உள்ள சிறு நூலகத்தில் நல்ல நூல்களெல்லாம் எப்போதும் பெட்டிக்குள் கிடக்கும். மக்களின் மன அமைதிக்காக ஓர் இரவு தனியே வைப்பதென்றால் வையுங்கள். புத்தகத்தைத் தொட்டவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். நோய்க்கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும்.

புத்தகத்துக்குக் காட்டும் கவனத்தில் பாதியை அறையின் காற்றுக்குக் காட்டியிருந்தால், எத்தனையோ நூலகங்கள் முன்பே பாதுகாப்பாகத் திறந்திருக்கும்.

வடமராட்சி, சனசமூக நிலையச் செயலாளர்: எங்கள் வாசிகசாலைக்கு வருபவர்களில் அரைவாசிப் பேர் காலையில் பத்திரிகை பார்க்க வரும் முதியவர்கள். அவர்கள் தினமும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

எனக்கு வந்தவற்றில் மிகக் கடினமான கேள்வி இதுதான். கிராமத்து வாசிகசாலையின் உயிர் அந்தப் பத்திரிகை மேசை. ஆபத்து மிகுந்ததும் அதே மேசைதான். இந்த நாட்டில் கொவிட்டினால் இறந்தவர்களில் பெரும்பாலானோர் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்கள் ஒரே மேசையைச் சுற்றி ஒரு மணி நேரம் அமர்ந்து, செய்தியை வாசித்து, அரசியலை உரத்துப் பேசுவார்கள். பேசும்போது முகக்கவசம் தாடைக்கு இறங்கிவிடும். உரத்த பேச்சில் வெளிவரும் நுண்துளிகள் மௌன வாசிப்பில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம்.

அதற்காக அவர்களைத் திருப்பி அனுப்பவும் கூடாது. வீட்டில் பேச்சுத்துணை இல்லாத மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கே தெரியும். மேசையை வெளியே கொண்டுவாருங்கள். வேம்போ மாமரமோ இல்லாத சனசமூக நிலையத்தை நான் வடக்கில் அதிகம் கண்டதில்லை. கதிரைகளை இரண்டு மீற்றர் இடைவெளியில் போடுங்கள். வீரகேசரி, உதயன், தினக்குரல் எது வாங்கினாலும் தாள்களைப் பிரித்து, பக்கம் பக்கமாகப் பலகையில் குத்தி, வெளித்தாழ்வாரச் சுவரில் மாட்டுங்கள். நின்று வாசிப்பவர் நகர்ந்துகொண்டே இருப்பார். மழைக்காலம் வருகிறது, ஆகவே தகரக் கூரை போட்ட ஒரு திறந்த கொட்டகை வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகளிடம் கேட்டால் அந்தச் செலவுக்கு ஒருவர் கிடைப்பார்.

தடுப்பூசி போடாத முதியவர் யார் என்று அந்தக் கொட்டகையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஊசிக்குப் பயப்படுபவரை அதிகாரி அழைப்பதைவிடப் பக்கத்துக் கதிரைக்காரர் அழைத்துச் செல்வது எளிது.

ஹட்டன் அருகே, தோட்டப்புற நூலக உதவியாளர்: எங்களுடையது ஒரே அறை. குளிரும் மழையும். யன்னலைத் திறந்தால் புத்தகம் நனைகிறது, பிள்ளைகள் நடுங்குகிறார்கள்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஆட்கள் இல்லாதபோது யன்னல்களை வழக்கம்போல வைத்துவிட்டு, அறை நடுவில் நான்கைந்து ஊதுபத்தி கொளுத்தி, புகை சூழ்ந்ததும் அணைத்துவிடுங்கள். புகை கலைய எவ்வளவு நேரம் ஆகிறதென்று பாருங்கள். மனிதர் விடும் மூச்சும் அந்தப் புகையைப் போலத்தான் அறையில் தங்குகிறது. எதிரெதிரான இரண்டு யன்னல்களை நான்கு விரல் அளவு திறந்து மறுபடி பாருங்கள், வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஒரு பெரிய யன்னலைவிட எதிரெதிரே இரண்டு சிறு திறப்புகள் நல்லது. ஒரு மின்விசிறியை யன்னலை நோக்கித் திருப்பி வைத்தால் உள்காற்றை வெளியே தள்ளும். கூரையில் சுழலும் விசிறி அறையின் காற்றையே கலக்குகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

நாம் விடும் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டை அளக்கும் சிறு கருவி சபையிடம் இருந்தால் இன்னும் நல்லது. வெளியே ஏறக்குறைய 420 பி.பி.எம். (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும். உள்ளே 800ஐத் தாண்டினால் ஆட்கள் அதிகம் அல்லது காற்று போதாது என்று பொருள். மழை சாய்த்து அடிக்கும் நாளில் உள்ளே இருத்தாதீர்கள், யன்னல் இரவல் மட்டும் கொடுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லயன் எனப்படும் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு ஒருவராக ஒரு பெரிய பிள்ளை நூல்களை எடுத்துச் சென்று பகிரலாம். அவர்களிடம் ஒரு பதிவேட்டைக் கொடுங்கள், பொறுப்பாக நடந்துகொள்வார்கள்.

மன்னார், ஒரு தாய்: மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒரே அறை வீடு. நூலக இருக்கை எப்போது கிடைக்கும்?

தங்கச்சி, உங்கள் மகளின் பெயரை முதல் வரிசையில் எழுதும்படி நூலகரிடம் கேளுங்கள். இருக்கைகளைத் திறக்கும் நாளில் முதல் உரிமை வீட்டில் இடமில்லாத பரீட்சை மாணவருக்கே என்பது என் உறுதியான கருத்து. பத்து இருக்கை இருந்த இடத்தில் மூன்று போட்டு, ஒருவருக்கு இரண்டு மணி நேரம் என்று பெயர் எழுதிக் கொடுக்கலாம். அதுவரை கடந்தகால வினாத்தாள்களைப் பிரதி எடுத்து யன்னல் வழியாகக் கொடுக்கட்டும். உசாத்துணை நூல்களையும் மாலையில் கொடுத்து மறுநாள் காலை திருப்பி வாங்கலாம். வெளியே கொடுக்கக் கூடாது என்ற விதி சாதாரண காலத்துக்கானது. இதை வாசிக்கும் நூலகர்கள் தயங்க வேண்டாம். சபைச் செயலாளரிடம் ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள்.

அம்பாறை மாவட்டம், நூலகப் பொறுப்பாளர்: நான் ஒருத்திதான் முழு நூலகத்துக்கும். எனக்கு நீரிழிவு உண்டு. பயப்படுகிறேன் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றும் இல்லை, அம்மா. நீரிழிவு இருப்பவருக்கு இந்த நோய் கடுமையாக வரக்கூடும் என்பது மருத்துவம் சொல்வது. உங்கள் பயம் அறிவுள்ள பயம். திறக்கும் திகதியைக் கணக்கிடுபவர்கள் வாசகரை எண்ணுகிறார்கள், வாசகருக்கு முன்னால் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரை எண்ணுவதில்லை. ஒரு வாசகர் பத்து நிமிடம் அந்தக் காற்றில் இருக்கிறார், நீங்கள் எட்டு மணி நேரம் இருக்கிறீர்கள்.

இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை உள்ளே யாரையும் விட மாட்டேன் என்று எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் மேசையை யன்னலுக்கு அருகே மாற்றுங்கள். நீங்கள் நோயுற்றால் நூலகம் மீண்டும் பூட்டப்படும். எனவே மாற்று ஆள் ஒருவருக்கு இப்போதே வேலை பழக்கும்படி சபையைக் கேளுங்கள். உங்கள் மருத்துவர் வேண்டாம் என்றால், அந்தச் சொல்லே முடிவு.

புத்தளம்: புத்தகங்களுக்குக் கிருமிநாசினி தெளிக்கலாமா? வெயிலில் காய வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். குளோரின் கரைசல் தாளை அரிக்கும், வெயில் மங்கச் செய்யும். அறைக்குள் கிருமிநாசினி விசிறுவதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கவில்லை. கைப்பிடியையும் மேசையையும் துடைத்தால் போதும்.

மூதூர், நூலக உதவியாளர்: நீண்ட காலம் பூட்டியிருந்த கட்டடத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

கூரைப் பீலியைப் பாருங்கள். இலை அடைத்து நீர் தேங்கியிருந்தால் டெங்கு நுளம்பு பெருகியிருக்கும், மழைக்காலத்தில் அது கொவிட்டைவிட முந்திக்கொள்ளும். கழிப்பறைத் தாங்கி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு ஆகியவற்றையும் பாருங்கள். குழாய்த் தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகே பயன்படுத்துங்கள். பிறகு சுவரோரக் கீழ் இறாக்கைகளில் கறையான் இருக்கிறதா என்று தேடுங்கள். பூஞ்சணம் பிடித்த நூல்களை மற்றவற்றிலிருந்து பிரித்து, முகக்கவசம் அணிந்து, நிழலான காற்றோட்டத்தில் உலர வைத்து, மென்மையான தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டுங்கள். எலி எச்சம் கிடந்தால் உலர்ந்த நிலையில் கூட்டாதீர்கள், கிருமிநாசினியால் நனைத்துத் துடைத்தெடுங்கள். கதவைத் திறந்தவுடன் வாசகரை உள்ளே விடாமல், இதற்கென்று சில நாட்களை ஒதுக்குங்கள்.

மாத்தளை: ஊரடங்குக் காலத் தண்டப்பணம்?

முழுதாகத் தள்ளுபடி செய்யுங்கள். தண்டத்துக்குப் பயந்து புத்தகத்தைத் திருப்பாமல் விடுபவரே அதிகம்.

கிளிநொச்சி, பிரதேச சபை உறுப்பினர்: திறந்த பிறகு மீண்டும் தொற்று வந்தால் எப்போது மூடுவது?

அதைத் திறக்கும் முன்பே எழுதிவைத்து, வாசலில் ஒட்டுங்கள். பணியாளருக்குத் தொற்று என்றால் உள்ளே அனுமதிப்பதை அன்றே நிறுத்த வேண்டும். பிரிவில் தொற்று வீதம் மறுபடி 5ஐத் தாண்டினால் ஒரு படி இறங்க வேண்டும். இருக்கை இருந்தால் இருக்கையை எடுங்கள், நூல் தேட விட்டிருந்தால் யன்னலுக்குத் திரும்புங்கள். ஓகஸ்டில் ஒரே நாளில் 200க்கு மேற்பட்ட மரணங்கள் பதிவானது போன்ற நிலை மீண்டும் வந்து ஊரடங்கு அறிவிக்கப்பட்டால், அப்போது மட்டுமே யன்னலையும் மூட வேண்டும். அப்படி மூட நேரும் நாளுக்கு முன்னால், ஒரு குடும்பத்துக்கு இரண்டு நூல் என்ற எல்லையை நீக்கி, கேட்பவருக்குக் கேட்ட அளவு கொடுத்தனுப்ப இப்போதே சபையில் தீர்மானம் எடுத்துவையுங்கள்.