மண்ணுக்குள் போகும் துளைமுனை எங்கே இருக்கிறதென்று மேலே நிற்பவருக்கு எப்படித் தெரிகிறது?

சாலையை வெட்டாமல் குழாய் பதிக்கும் கிடைமட்டத் துளையிடலைப் பற்றிய கேள்வி இது.

துளைமுனைக்குப் பின்னுள்ள உறையில், பேட்டரியில் ஓடும் சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்று காந்தப்புலத்தை வெளியிடும். மேலே ஒருவர் அந்தப் புலத்தை உணரும் கருவியான லொக்கேட்டரோடு நடப்பார். புலம் சட்டக்காந்தத்தினுடையதைப் போல வளைவதால், டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் ஓர் அடையாளப் புள்ளியும் பின்னால் ஒன்றும் லொக்கேட்டரில் சிக்கும். இரண்டையும் இணைத்தால் திசை. நடுவே, சிக்னல் வலிமையிலிருந்து ஆழம். தூரம் இரட்டிப்பானால் வலிமை எட்டில் ஒன்றாகிவிடும், அதனால் தொடங்கும் முன்பே டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்து, லொக்கேட்டரைப் பொதுவாக 3 மீட்டர் தள்ளி வைத்து, அளவைச் சரிபார்ப்பார்கள்.

சாய்வும், முனையின் சரிந்த முகம் எந்தப் பக்கம் என்பதும் அதே சிக்னலில் வரும். அந்தப் பக்கத்தைக் கடிகார மணியாகச் சொல்வார்கள்: 12 மணி நிலையில் சுழற்றாமல் தள்ளினால் முனை மேலேறும். சுழற்றிக்கொண்டே தள்ளினால் நேரே.

பெரிய தலைவலி, சிக்னலைக் குலைக்கும் கம்பி போட்ட கான்கிரீட்தான். மின்கம்பி இரைச்சலை டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு நடந்தே பிடித்துவிடலாம், கான்கிரீட் கம்பியோ தானாக எதையும் வெளியிடாததால் அப்போது தெரியவே தெரியாது.