கப்பல் முன்பணம்: ‘கேன்சல்’னு எழுதிக் கொடுத்துடாதீங்க

சகோ, வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன், அதனால நவம்பர் சென்னைக் கப்பல் பயணத்தை ஜனவரிக்குத் தள்ளணும், ஆனா கீழக்கரை ஏஜென்ட் "கேன்சல் பண்ணிட்டுப் புதுசா போடுங்க, முன்பணம் வராது"ன்னு சொல்றார்னு எழுதியிருந்தீங்க. தயவுசெய்து ஒத்துக்காதீங்க. கேன்சல்னு நீங்களே எழுதிட்டா பிடித்தம் உங்க தலையிலதான் விடியும். தேதி மாற்றம்னு மட்டும் கேளுங்க, போன்ல இல்ல, மெயில்ல. கப்பல் கம்பெனிக்கே அனுப்பி ஏஜென்டுக்கு நகல் போடுங்க, டாக்டர் சீட்டையும் சேர்த்து. நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும், இன்னைக்கே அனுப்பிடுங்க.

அப்புறம் ரசீதை எடுத்துப் பாருங்க. பணம் வாங்கினது கம்பெனி பேர்லயா, ஏஜென்ட் பேர்லயா? கம்பெனி பிடிக்கிறது எவ்வளவு, ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜ் எவ்வளவுன்னு பிரிச்சு எழுத்துல கேளுங்க. பல பேருக்குப் பணம் சிக்குறது இந்த இடத்துலதான்.

நவம்பர் புயல் மாசம், பாம்பன்ல கூண்டு ஏத்துறதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. கம்பெனியே பயணத்தை ரத்து பண்ணினா கதை வேற, முழுப் பணத்தையும் கேளுங்க.

பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் அசையலைன்னா ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற ஊரே போதும், சென்னைக்கு அலைய வேண்டாம். கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல. 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும்.