2 ஜிபி ராம் உள்ள சினாலஜி நாஸில் (நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி) கிட் ரெப்போ (கோடின் மாற்ற வரலாறு இருக்கும் ஃபோல்டர்) வைக்க கிட்லேப் போட வேண்டுமா?

வேண்டாம். நீங்களும் வீட்டில் இன்னொருவரும் மட்டும் பயன்படுத்த கிட்லேப் என்கிற முழு வெப் சர்வர் எதற்கு, இருக்கிற ராம் முழுவதையும் அதுவே தின்றுவிடும். எஸ்எஸ்ஹெச் (இன்னொரு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகப் போய்ச் சேரக்கூடிய ஒரு ஃபோல்டர் இருந்தால் கிட்டுக்குப் போதும்.

பேக்கேஜ் சென்டரில் ‘கிட் சர்வர்’ இருக்கும், அதைப் போட்டு உங்கள் யூசருக்கு அனுமதி கொடுங்கள். கண்ட்ரோல் பேனலில் எஸ்எஸ்ஹெச்சை ஆன் செய்துவிட்டு, ஒரு ஷேர்டு ஃபோல்டர் உருவாக்கி, அட்மின் கணக்கில் உள்ளே போய் ‘கிட் இனிட் --பேர்’ (git init --bare, வேலை செய்யும் ஃபைல்கள் இல்லாமல் வரலாறு மட்டும் இருக்கும் ரெப்போ) கொடுங்கள். பேர் என்பதை விட்டுவிடாதீர்கள், விட்டால் அங்கே செக்அவுட் ஆகியிருக்கும் (ஃபைல்களாகத் திறந்திருக்கும்) பிராஞ்சுக்கு நீங்கள் புஷ் செய்யும்போது (மாற்றங்களை அனுப்பும்போது) கிட் மறுத்துவிடும். இன்னொருவரும் புஷ் செய்வார் என்பதால் இருவரையும் ஒரே குரூப்பில் போட்டு, ஃபோல்டரையும் அந்தக் குரூப்புக்கு மாற்றி, ‘--ஷேர்டு=குரூப்’ (--shared=group) என்பதையும் அதே கட்டளையில் சேர்த்துவிடுங்கள். அப்புறம், நாஸில் இருக்கும் கிட் முதல் பிராஞ்சுக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்து, நீங்கள் மெயின் என்ற பிராஞ்சைப் புஷ் செய்தால், ரெப்போவைக் குளோன் செய்கிறவருக்கு (நகலெடுக்கிறவருக்கு) ஒரு எச்சரிக்கையும் காலி ஃபோல்டரும்தான் வரும். ரெப்போவின் ஹெட்டை (எது முதன்மைப் பிராஞ்ச் என்ற குறிப்பை) மெயினுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பலர் மாட்டிக்கொள்வது பாஸ்வேர்டுக்குப் பதில் கீ (எஸ்எஸ்ஹெச் சாவி ஃபைல்) வைத்து லாகின் செய்யும் இடத்தில்தான். கீ சரியாகவே இருக்கும், ஆனாலும் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் யூசர் ஹோம் (ஒவ்வொரு யூசருக்கும் தனி ஃபோல்டர்) வசதி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களுக்கு எழுதும் உரிமை இருந்தாலே எஸ்எஸ்ஹெச் அந்தக் கீயைக் கண்டுகொள்ளாது, அதனால் அனுமதி எண்ணை ஹோமுக்கு 755, டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, உள்ளே கீ இருக்கும் ஃபைலுக்கு 600 என்று வையுங்கள்.

இதெல்லாம் எதற்கு, ஷேரை விண்டோஸில் டிரைவாக மவுண்ட் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் 2022-இல் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து ஃபோல்டரின் உரிமையாளர் வேறு ஆளாகத் தெரிந்தால் கிட் அடம்பிடிக்கும், சேஃப் டைரக்டரி (safe.directory) என்று விதிவிலக்கு எழுதவேண்டி வரும், பெரிய ரெப்போவில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கூட நகராது. டிராப்பாக்ஸ் மாதிரி சிங்க் ஃபோல்டருக்குள் ரெப்போவை வைப்பது இதைவிட மோசம்.

வெளியிலிருந்து வேண்டுமென்றால் ரவுட்டரில் எஸ்எஸ்ஹெச்சின் 22-ஆம் போர்ட்டைத் திறக்காதீர்கள், டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் விபிஎன்) போடுங்கள். ரெய்டு (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் பதியும் முறை) இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடவும் வேண்டாம். தவறாக ஃபோர்ஸ் புஷ் (பழைய வரலாற்றின் மேல் எழுதும் புஷ்) செய்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே தவறுதான் பதியும். சினாலஜியின் பேக்கப் ஆப்பான ஹைப்பர் பேக்கப்பில் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கைக் காட்டி, வாரம் ஒருமுறை ஓடும்படி வைத்துவிடுங்கள்.