பரிமாற்றத்தில் வெளிநாடு போகலாமா, டாக்டர்?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்ற முதுநிலைப் படிப்பில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இளம் குடும்ப மருத்துவர்கள் வேறு நாட்டுக்குப் போய்ச் சில வாரம் அங்குள்ள டாக்டரோடு இருந்து பார்க்கும் பரிமாற்றத் திட்டங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சீனியர்களோ, "வெட்டிச் செலவு, பேஷண்ட்டைத் தொடக்கூட விடமாட்டார்கள்" என்கிறார்கள். போவதில் பலன் உண்டா?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: போங்கள், தயங்கவே வேண்டாம். உங்கள் சீனியர்கள் சொன்னது பொய்யில்லை. அந்த நாட்டு மருத்துவப் பதிவு இல்லாமல் ஊசி போட முடியாது, மருந்து எழுத முடியாது. ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எம்.பி.பி.எஸ். சேர்ந்த நாளிலிருந்து ஓ.பி. கூட்டத்தில் ஓடிக்கொண்டே இருந்த ஒருவருக்கு, இன்னொரு டாக்டர் எப்படிப் பேசுகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்று உட்கார்ந்து கவனிக்க வேறெங்கே நேரம் கிடைக்கும் சொல்லுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக 'ஃபேமிலி மெடிசின் 360'. உலகக் குடும்ப மருத்துவர்களின் அமைப்பான வொன்காவில் வட்டாரத்துக்கு ஓர் இளம் மருத்துவர் இயக்கம் உண்டு. தெற்காசியாவுக்கு ஸ்பைஸ் ரூட், ஆசிய பசிபிக்குக்கு ராஜகுமார், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிவான் என்று போகும். இவர்கள் கைகோத்து நடத்துவதுதான் 360. பயிற்சியில் இருப்பவர்களும் படிப்பு முடித்து ஐந்து வருடம் தாண்டாதவர்களும் விண்ணப்பிக்கலாம், நான்கு வாரம் வரை இருக்கலாம். 2000-லிருந்து நடக்கும் ஹிப்போகிரட்டிஸ் என்ற இன்னொரு திட்டம் ஐரோப்பிய டாக்டர்கள் தங்களுக்குள் போய்வருவதற்கானது. உங்களுக்கு 360 தான் வழி. ஸ்பைஸ் ரூட்டின் இந்தியப் பொறுப்பாளர்களிடம் முதலில் பேசுங்கள், அவர்கள்தான் எதிர்முனையில் இருப்பவரோடு இணைத்துவிடுவார்கள்.

போனால் எதைப் பார்ப்பது? பிரிட்டனில் ஒரு ஜி.பி.யின், அதாவது அங்குள்ள குடும்ப டாக்டரின், அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பொதுவாகப் பத்து நிமிடம். தொண்டை வலியோடு வருபவர் ஆன்டிபயாடிக் கேட்கிறார். டாக்டர் தொண்டையைப் பார்க்கிறார், கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார், காய்ச்சலைக் கேட்கிறார். அப்புறம், இது தானாகச் சரியாகிற ரகம், ஒரு வாரம்கூட ஆகலாம் என்கிறார். அதோடு முடிப்பதில்லை. விழுங்கவே முடியவில்லை, மூச்சுத் திணறுகிறது என்றால் உடனே வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறார், சொன்னதைக் கம்ப்யூட்டரிலும் பதிகிறார். சில சமயம் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, "இப்போது வாங்காதீர்கள், சில நாள் பார்த்து, குறையவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்" என்று சொல்வதும் உண்டு. இங்கே ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கை எழுதி நீட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறோமே, அந்த இடத்தில் வேறு என்ன செய்யலாம் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். அதே கம்ப்யூட்டரில் அந்த ஆளின் பழைய நோய், ஆஸ்பத்திரிக் கடிதம், தடுப்பூசி எல்லாம் கிடக்கும். ரிப்போர்ட்டுகளை மஞ்சப்பையில் சுமந்துகொண்டு டாக்டர் டாக்டராக அலையும் நம் ஆட்களை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

பிரேசில் கிடைத்தால் இன்னும் நல்லது. 1994-ல் அவர்கள் தொடங்கிய குடும்ப சுகாதாரத் திட்டத்தில் டாக்டர், நர்ஸ், சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் என்று ஓர் அணிக்குச் சுமார் 3,000 பேர் பொறுப்பு. அந்தப் பணியாளர் அதே பகுதியில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் மாதாமாதம் போய் வருவார். யார் வீட்டில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது டாக்டருக்கு அப்படித்தான் தெரிய வருகிறது. போவதற்குள் கொஞ்சம் போர்ச்சுகீஸ் கற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாதி விஷயம் கை நழுவிவிடும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். சம்பளமோ உதவித்தொகையோ கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். டிக்கெட், விசா, சாப்பாடு எல்லாம் நம் கைக்காசு, தங்குவதற்குச் சில இடங்களில் டாக்டர் வீட்டிலேயே அறை தருவார்கள். விசாதான் பெரிய தொல்லை. ஐரோப்பாவுக்குள் ஒரு டாக்டர் பக்கத்து நாட்டுக்கு ரயில் ஏறிப் போய்விடுவார், நாமோ பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பரிமாற்றம் என்று பெயர் வைத்துவிட்டு இப்படி இருப்பது அநியாயம், இதை அந்த இயக்கங்களின் கூட்டங்களில் நம் பிள்ளைகள் எழுந்து கேட்க வேண்டும். பிரிட்டன் என்றால் விசிட்டர் விசாவிலேயே மருத்துவப் பார்வையாளராக இருக்க அனுமதி உண்டு. அழைப்புக் கடிதத்தில் 'பார்வையாளர் மட்டும், சிகிச்சை அளிக்க மாட்டார்' என்று தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐரோப்பா செலவு கட்டுப்படியாகாது. பக்கத்தில் எங்காவது போனால் போதுமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: போதுமா என்ன, மலேசியாவுக்குப் போங்கள்! அங்குள்ள 'கிளினிக் கெசிஹாத்தான்' என்ற அரசு சுகாதார நிலையம் நம் டாக்டர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். கர்ப்பிணிகளின் கார்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணக் குறி போடுவார்கள். வெள்ளை என்றால் நர்ஸே பார்த்துக்கொள்ளலாம், பச்சை என்றால் கிளினிக் டாக்டர், மஞ்சள் என்றால் ஸ்பெஷலிஸ்ட், சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. யாரை யார் பார்ப்பது என்பதில் குழப்பமே வராது. தமிழில் பேசும் நோயாளிகளும் வருவார்கள் என்பதால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே நிறையக் காதில் விழும்.

மேலே சொன்ன ராஜகுமார் இயக்கம் மலேசியாவின் டாக்டர் எம்.கே. ராஜகுமாரின் பெயரைத் தாங்கியது. 1954-ல் சிங்கப்பூரில் மாணவராக இருந்தபோது, 'ஃபஜார்' என்ற மாணவர் பத்திரிகையில் வந்த கட்டுரைக்காகத் தேசத் துரோக வழக்கில் கைதாகி விடுதலையான எட்டுப் பேரில் ஒருவர். பிற்பாடு வொன்காவின் தலைவராகவும் இருந்தார். குடும்ப மருத்துவம் ஏழைகளுக்கான இரண்டாந்தர வைத்தியம் என்று யாராவது சொன்னால் இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு இளம் டாக்டர் ஒருவர் எங்கள் ஊருக்கு வர விரும்புகிறார். எங்கள் சின்ன கிளினிக்கில் காட்ட என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: நிறைய இருக்கிறது. பாம்புக்கடி, டெங்கு, காசநோய் எல்லாம் அவர் புத்தகத்தில் மட்டும் படித்ததாக இருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பணியாளரோடு, அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி, ஒருநாள் காலையில் அனுப்பி வையுங்கள். 2021-ல் தொடங்கிய இந்தத் திட்டம் தெருவில் எப்படி நடக்கிறது என்று பார்க்கட்டும், எங்கே ஓட்டை இருக்கிறது என்றும் கேளுங்கள், புதுக்கண்ணுக்குச் சட்டென்று தெரியும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே, "வெளிநாட்டு டாக்டர் ஒருத்தர் கூட உட்கார்ந்திருக்கார், உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று வெளியில் நர்ஸை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அறைக்குள் வந்தபின் கேட்டால் நம் ஆட்கள் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.