வட கரோலினாவின் நியமன ஆளுநர்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் தென் மாநிலங்களுக்கு ஜனாதிபதியே ஆளுநர்களை நியமித்தாராமே? அவர்களுடைய வேலை என்ன? வட கரோலினாவின் ஹோல்டன் பதவி இழந்தது அந்த நியமனத்தாலா?

பதில்: இல்லை. இரண்டுக்கும் நடுவே ஆறு ஆண்டுகள்.

ராலே நகரில் பத்திரிகை நடத்திய வில்லியம் ஹோல்டனை ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் 1865 மே 29 அன்று தற்காலிக ஆளுநராக்கினார். மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தும் மாநாட்டுக்குத் தேர்தல் நடத்தி, மாநிலத்தை அமெரிக்க ஒன்றியத்தில் மறுபடி சேர்ப்பதுதான் பணி. வாக்காளர் அமெரிக்க அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்திருக்க வேண்டும். போருக்கு முந்தைய சட்டப்படி வாக்குரிமை பெற்றவராகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை கறுப்பின மக்களை அடியோடு விலக்கிவிட்டது. கிளர்ச்சிக்குத் துணைபோனவர்களில் 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் ஜனாதிபதியிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். மனுக்கள் ஆளுநரின் பரிந்துரையோடு போனதால் ஹோல்டனின் செல்வாக்கும் பகையும் சேர்ந்தே வளர்ந்தன. நவம்பர் தேர்தலில் ஜோனதன் வொர்த்திடம் தோற்றார்.

கறுப்பின ஆண்களும் வாக்களித்த 1868 தேர்தலில் வென்று மீண்டும் ஆளுநரானார். 1870 பிப்ரவரியில் கிரஹாம் ஊரில் கறுப்பினத் தலைவர் வயாட் அவுட்லாவை வெள்ளை ஆதிக்க ரகசிய அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் மரத்தில் தூக்கிலிட்டது. மே மாதம் யான்சிவில் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே மாநில செனட்டர் ஜான் ஸ்டீவன்ஸைக் கொன்றது. அந்த ஊர்கள் இருக்கும் அலமான்ஸ், காஸ்வெல் கவுன்டிகளில் (மாவட்டங்களில்) கிளர்ச்சி நிலவுவதாக அறிவித்த ஹோல்டன், ஜார்ஜ் கர்க் தலைமையில் படை அனுப்பிப் பலரைக் கைது செய்தார்.

சிக்கல் இங்கேதான். ஷாஃப்னர் சட்டம் என்ற மாநிலச் சட்டம் அந்த அறிவிப்புக்கு இடம் தந்தது. ஆனால் கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு ஆணையை நிறுத்திவைக்க மாநில அரசியல் சட்டம் இடம் தரவில்லை. தலைமை நீதிபதி பியர்சன் ஆணை பிறப்பித்தும் கைதிகளை ஒப்படைக்கவில்லை. போதாக்குறைக்கு, அறிவிப்பில் இல்லாத ஆரஞ்ச் கவுன்டியில் எதிர்க்கட்சிப் பத்திரிகையாசிரியர் ஜோசையா டர்னரைப் பிடித்தார்கள்.

ஆகஸ்ட் தேர்தலில் சட்டமன்றம் எதிர்க்கட்சியின் கைக்குப் போனது; அது ஹோல்டனைப் பதவி நீக்கக் குற்றம் சாட்டியது. 1871 மார்ச் 22 அன்று எட்டுக் குற்றச்சாட்டுகளில் ஆறு நிரூபணமானதாக மாநில செனட் தீர்ப்பளித்தது. தப்பிய இரண்டும் கிளர்ச்சி அறிவிப்பு பற்றியவை என்பதைக் கவனியுங்கள்: சட்டவிரோதக் கைதும் நீதிமன்ற ஆணையை மதிக்காததுமே அவரை வீழ்த்தின. இப்படிப் பதவி நீக்கப்பட்ட முதல் அமெரிக்க மாநில ஆளுநர் அவர்தான். அவுட்லாவைக் கொன்றவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. இதைவிடப் பெரிய அநீதி அந்த வழக்கில் இல்லை.

மாநிலப் பதவி எதுவும் வகிக்கக்கூடாதென்று தடையும் விழுந்தது. அஞ்சல் துறை மத்திய அரசுடையது என்பதால் 1873-ல் ஜனாதிபதி கிராண்ட் அவரை ராலே அஞ்சல் தலைவராக்க முடிந்தது. மாநில செனட் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2011-ல். அவர் இறந்தது 1892-ல்.